சுழி அடைபடாத தடித்த எழுத்து: வாசகர் கேள்வி பதில்

கடைப் பலகை, துணிப்பை, வகுப்பறை அட்டை, வரவேற்புத் தட்டி என்று சென்னையில் திரும்பிய பக்கமெல்லாம் தடித்த, முனை உருண்ட எழுத்துகள் கண்ணில் படுகின்றன. அவற்றைப் பற்றி வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் வீட்டின் முன்பகுதியிலேயே முறுக்கு, அதிரசம், சீடை விற்கும் சிறிய கடை ஒன்றைத் தொடங்குகிறேன். போர்டு செய்யக் கொடுத்த இடத்தில் ‘பாலு தம்பி’ எழுத்தில் போட்டால் எடுப்பாக இருக்கும் என்கிறார்கள். எழுத்துக்கு இப்படியும் பெயர் வைப்பார்களா? இந்தத் தடித்த உருண்டை எழுத்து தின்பண்டக் கடைக்குப் பொருந்துமா?
– பெரம்பூர் வாசகி

பதில்: தாராளமாகப் பொருந்தும். எத்தனை சொற்களுக்கு, எந்த அளவில் என்பதை மட்டும் பார்த்துப் போட வேண்டும்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். மும்பையில் இயங்கும் ஏக் டைப் என்னும் எழுத்துரு வடிவமைப்புக் குழு, ஒரே குணம் கொண்ட தடித்த எழுத்தை இந்திய மொழிகள் பலவற்றுக்கும் வரைந்து அதற்குப் ‘பாலு’ என்று பெயரிட்டது. ஒவ்வொரு மொழிக்கும் அந்த மண்ணில் வழங்கும் உறவுமுறைச் சொல்லையே உடன் சேர்த்தார்கள். மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, கன்னடத்துக்குத் தம்மா, குஜராத்திக்கு பாய், தமிழுக்குத் தம்பி. முதலில் வந்த பாலு தம்பிக்கு ஒரே கனம்தான்; கனம் என்பது எழுத்துக் கோட்டின் தடிப்பு அளவு. பின்னர் வந்த ‘பாலு தம்பி 2’ சாதாரணம் தொடங்கி மிகத் தடிப்பு வரை ஐந்து கனங்களில் கிடைக்கிறது. உங்கள் போர்டுக்காரரிடம் எது இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து கனம் உள்ளதே நமக்கு வசதி. அடுத்த கேள்விக்கான பதிலில் அதன் காரணம் வருகிறது.

இத்தகையவற்றைத் தலைப்பு எழுத்துரு என்கிறோம். பக்கம் பக்கமாக வாசிக்கும் நூலின் எழுத்து தன்னைக் காட்டிக்கொள்ளாமல் பொருளை மட்டும் கொண்டுசேர்க்க வேண்டும். தலைப்பு எழுத்தோ நான்கைந்து சொற்களுக்குள் பொருளோடு ஒரு குரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் இவ்வகையில் மிகப் புகழ்பெற்றது கூப்பர் பிளாக். சிகாகோவில் வாழ்ந்த ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்த அந்த எழுத்தை, அதே நகரத்தின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற அச்செழுத்து வார்ப்பகம் 1922இல் வெளியிட்டது. விளம்பரத்துக்காகவே பயன்பட்ட எழுத்து அது. கோடுகளின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் பாதங்கள்கூடத் தட்டையாக இல்லாமல் சற்று வளைந்திருக்கும். அவ்வளவு கனமாக இருந்தும் அதில் முரட்டுத்தனம் தோன்றாததற்கு அந்த வளைவே காரணம் என்று நான் கருதுகிறேன். 1960களிலும் 70களிலும் இசைத்தட்டு உறைகளிலும் பனியன்களிலும் கடைப் பலகைகளிலும் அது பரவியது. ஈசிஜெட் நிறுவனத்தின் விமானங்களில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

உருண்டை எழுத்துகளில் இன்னொரு கிளையும் உண்டு. 1979இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்காக உருவான வேக் ரவுண்டட் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் கோடு முழுவதும் ஏறத்தாழ ஒரே பருமனாக ஓடி, முனைகள் அரைவட்டமாக முடியும். ஆப்பிள் விசைப்பலகைகளின் பொத்தான்களில் நெடுங்காலம் இருந்தது அதுவே. பாலு தம்பி இவ்விரண்டிலும் சேராமல், கனமான உடம்பும் மழுங்கிய மூலைகளுமாக, கொஞ்சம் விளையாட்டுத்தனத்துடன் நிற்கிறது.

கூர்மையான முனை இல்லாத எழுத்து கண்ணுக்கு இளக்கமாகத் தெரிகிறது. தின்பண்டம், ஐஸ்கிரீம், குழந்தைகளுக்கான பொருள்கள் விற்பவர்கள் இவ்வெழுத்தை நாடுவது அதனால்தான். முறுக்கும் அதிரசமும் விற்கும் கடைக்கு இந்தக் குணம் இயல்பாகவே சேரும். ஆனால் கடைப் பெயரை மட்டும் இதில் போடுங்கள். ‘செக்கு எண்ணெயில் செய்தது’, ‘ஆர்டரின் பேரில் செய்து தரப்படும்’ என்னும் வரிகளையும் கைப்பேசி எண்ணையும் அதே எழுத்துருவின் சாதாரண கனத்தில் அமையுங்கள். எல்லா வரியும் தடித்திருக்கும் பலகையில் கடைப் பெயரைக் கண் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: நானும் என் தங்கையும் துணிப்பைகளில் வாசகம் அச்சிட்டுத் தருகிறோம். அரசின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கிய பிறகு ஆர்டர் கூடியிருக்கிறது. தடித்த உருண்டை எழுத்து கணினித் திரையில் மிக அழகாக இருக்கிறது. துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து எடுத்தால் ‘வண்ணம்’ என்பது ‘வன்னம்’ போலத் தெரிகிறது. சில பைகளில் வெறும் கறுப்புக் கட்டியாகவே விழுகிறது. மையைக் குறைத்தும் பார்த்துவிட்டோம். என்ன செய்வது?
– வேளச்சேரி வாசகி

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளிலேயே பயனுள்ளது இதுதான். மையை மட்டும் குறைத்தால் இது தீராது. தமிழ் எழுத்தின் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும்.

நம் கண் எழுத்தின் கறுப்பை மட்டும் பார்த்து வாசிப்பதில்லை. கறுப்புக்குள் அடைபட்டிருக்கும் வெள்ளையையும் சேர்த்தே அடையாளம் காண்கிறது. ஆங்கிலத்தின் ‘ஓ’ எழுத்துக்குள் ஒரே ஒரு வெள்ளைதான். அதை எவ்வளவு தடிமனாக்கினாலும் நடுவில் ஒரு புள்ளியளவு வெள்ளை மிஞ்சினால் போதும், எழுத்து பிழைத்துக்கொள்ளும். நம்முடைய மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் வேறுபடுத்துவதே சுழிகளின் எண்ணிக்கை. ஒரு சுழி அடைபட்டால் சொல்லே மாறிவிடும். ஞ, ஜ, இ, ஈ, ஐ, ஔ ஆகியவற்றிலும் கோடுகள் நெருங்கி ஓடுகின்றன. எழுத்தின் உயரமும் அகலமும் மாறாமல் கோட்டை மட்டும் தடிப்பாக்கினால், கூடுகிற கனம் உள்ளே இருக்கும் வெள்ளையைத்தான் தின்னும்.

தேர்ந்த வடிவமைப்பாளர்கள் இதை இரண்டு மூன்று வழிகளில் சமாளிக்கிறார்கள். ண, ஞ போன்ற எழுத்துகளைத் தடித்த கனத்தில் வரையும்போது அகலமாக்குகிறார்கள். வெளிக்கோட்டைத் தடிப்பாகவே வைத்துக்கொண்டு, சுழிக்குள் போகும் கோட்டை மட்டும் சற்று மெலிய விடுகிறார்கள். இரண்டு கோடுகள் சந்திக்கும் மூலையில் சிறு பள்ளம் விடுவதும் உண்டு. இவை கண்ணுக்குத் தனியே தெரிவதில்லை. இந்தக் கைவேலை எதுவும் இல்லாமல் மென்பொருளில் ‘போல்டு’ பொத்தானை அழுத்தி வரும் தடிப்பு வெறும் வீக்கம்தான். எனவே முதலில், நீங்கள் பயன்படுத்துவது எழுத்துருவிலேயே வரையப்பட்ட கனமா, பொத்தான் கொடுத்த கனமா என்று பாருங்கள்.

அடுத்து, எழுத்தைச் சுற்றி வெளிக்கோடு கொடுக்கும் பழக்கத்தைக் கவனியுங்கள். வரைகலை மென்பொருள்களில் வெளிக்கோடு பெரும்பாலும் எழுத்தின் விளிம்பில் பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாக ஏறும். உள்ளே ஏறும் பாதி சுழியை அடைத்துவிடும். வெளிக்கோடு வேண்டுமென்றால் அதை எழுத்துக்குப் பின்னால் போகும்படி அமையுங்கள். கோரல் டிராவில் அதற்குத் தனித் தெரிவே இருக்கிறது.

மூன்றாவது துணி. பருத்தித் துணியில் மை இழைகளின் வழியே ஓடிப் பரவும்; கோடு எப்போதும் திரையில் கண்டதைவிடத் தடிப்பாகத்தான் விழும். ஆகையால் நீங்கள் விரும்பும் கனத்தைவிட ஒரு படி மெலிந்ததை அச்சுக்குக் கொடுங்கள். மிகத் தடிப்பு வேண்டுமென்றால் தடிப்பையும், தடிப்பு வேண்டுமென்றால் அரைத் தடிப்பையும் தேர்ந்தெடுங்கள். மீதியை மை பார்த்துக்கொள்ளும். பாலு தம்பி 2இன் ஐந்து கனங்கள் வசதி என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். முரட்டுப் பருத்தியில் மிகச் சிறிய சுழியின் உள்வெள்ளை ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. அதற்கு எழுத்தைப் பெரிதாக்க வேண்டியிருந்தால், வாசகத்தின் சொற்களைக் குறையுங்கள். ‘நெகிழியைத் தவிர்ப்போம், இயற்கையைக் காப்போம், வருங்காலத்தை வாழவைப்போம்’ என்று மூன்று வரிகளை ஒரு பையில் அடைப்பதைவிட ஒரே வரி பெரிதாக நிற்பது நல்லது.

பின்புலம் முழுவதும் மை, எழுத்து மட்டும் துணியின் நிறம் என்று தலைகீழாக அச்சிடும்போது கதை மாறும். அங்கே பரவுகிற மை எழுத்துக்குள் வருகிறது; சுழிகள் அகன்று, கோடுகள் மெலிந்து, புள்ளிகள் மறைந்தே போகும். அத்தகைய பைகளுக்கு ஒரு படி தடித்த கனத்தையே கொடுங்கள்.

அச்சுக்கு முன் சோதிக்க ‘மண்ணெண்ணெய்’ என்ற சொல்லை நான் எப்போதும் பயன்படுத்துகிறேன். நான்கு ணகரமும் மூன்று புள்ளியும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. ‘இஞ்சி’, ‘ஐந்திணை’, ‘ஞாயிறு’ மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சிடப்போகும் அதே அளவில், அதே துணியில் இந்த நான்கு சொற்களும் தெளிவாக விழுந்தால் அந்தக் கனத்தை நம்பலாம்.

கேள்வி: இந்த எழுத்துருக்களைக் காசு கொடுக்காமல் வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா?
– அம்பத்தூர் வாசகர்

பதில்: கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் உள்ள பாலு தம்பி, காய்னி, அனேக் தமிழ் ஆகியவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானவை. பலகை, பை, முத்திரை, புத்தக அட்டை எதற்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். டிடிபி கடைகளில் நூற்றுக்கணக்கில் கைமாறும் பழைய எழுத்துருக்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் பல விலைக்கு விற்கப்பட்டவை.

கேள்வி: பனையோலையில் எழுதியதால்தான் தமிழ் எழுத்து உருண்டையாயிற்று என்று சொல்வார்கள். அப்படியென்றால் உருண்டை எழுத்துரு நமக்குப் புதிதல்லவே? பழைய ‘வட்டெழுத்து’ என்பதும் இதுதானா?
– மயிலாப்பூர் வாசகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பதில்: தங்களைப் போன்ற தமிழாசிரியர் ஒருவர் இதைக் கேட்டதில் மகிழ்ச்சி. வட்டெழுத்து வேறு. அது பாண்டிய, சேர நாடுகளில் வழங்கிய தனி எழுத்து முறை. இன்றைய எழுத்துருக்களின் உருண்டை முனையோடு அதற்குத் தொடர்பில்லை.

ஓலைக் காரணத்தைப் பாதி அளவுக்கே ஏற்கலாம். எழுத்தாணியால் ஓலையின் நரம்பை ஒட்டி நேர்கோடு கீறினால் ஓலை கிழியும் என்பது உண்மைதான். ஆனாலும் ட, ப, ம, ய ஆகியவற்றின் நேர்கோடுகள் நம்மிடம் நிலைத்துவிட்டனவே! ஓலை நமக்குத் தந்த வேறொன்றுதான் இங்கே முக்கியமாகப் படுகிறது. எழுத்தாணி எந்தத் திசையில் ஓடினாலும் கோட்டின் பருமன் ஏறத்தாழ மாறாது. ஆகவே ஒரே பருமனில் ஓடி உருண்டு முடியும் கோடு, மேலைநாட்டுப் பேனாமுனை தரும் தடிப்பு மெலிவைவிட, தமிழ் எழுத்தின் இயல்புக்கு நெருக்கமானது. ஆனால் எழுத்தாணியின் கோடு மெல்லியது. அதைத் தடிப்பாக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஓலையில் புள்ளியை வைக்காமலே விட்டதும், அதனால் எகர ஏகார, ஒகர ஓகாரங்கள் மயங்கியதும், வீரமாமுனிவர் அவற்றுக்கு வடிவ வேறுபாடு செய்ததும் தாங்கள் அறிந்ததே.

சுழிகள் அச்சுக்கலையின் தொடக்கத்திலும் இடையூறு செய்தன. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீகன்பால்குவின் தரங்கம்பாடி அச்சகத்துக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. காகிதம் கட்டுப்படியாகாமல், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொள்ள நேர்ந்தது. எழுத்தைச் சிறிதாக்கினால் சுழிக்குள் மை அடையும், பெரிதாக்கினால் காகிதம் போதாது. சென்னையில் அந்தச் சிக்கலுக்கு நல்ல தீர்வு கண்டவர் அமெரிக்கன் மிஷன் அச்சகத்தின் பி. ஆர். ஹண்ட். அவருடைய அச்சகத்தில் 1862இல் வெளிவந்த வின்ஸ்லோ அகராதியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அவ்வளவு நெருக்கமான பக்கத்திலும் ணகரத்தின் மூன்று சுழிகளும் திறந்தே இருக்கின்றன.

தடித்த உருண்டை எழுத்தைப் பெரிய அளவில் தமிழருக்குப் பழக்கியவர்கள் சுவர் விளம்பரமும் சினிமா பேனரும் எழுதிய ஓவியர்கள் என்பேன். தூரிகையை வைத்து எடுக்கும் இடத்தில் முனை தானாகவே உருளும். ஒவ்வொரு சொல்லுக்கும் ணகரத்தை எவ்வளவு அகலமாக விடலாம் என்று அந்த இடத்திலேயே அவர்கள் முடிவு செய்தார்கள். அந்தத் தீர்மானத்தை இன்றைய எழுத்துரு ஒரே முறை, எல்லாச் சொற்களுக்கும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கிறது. ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்த ஓவியர்கள் தொழிலை விட்டு விலகியது சென்னையின் எழுத்துக்கலைக்குப் பெரிய இழப்பு.

கேள்வி: தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருக்கிறோம். பழைய ஃப்ளெக்ஸை எடுத்துவிட்டு, உள்ளே எல்.இ.டி. எரியும் அக்ரிலிக் எழுத்துகளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த புதிய பலகை செய்ய இருக்கிறோம். தடித்த உருண்டை எழுத்து இதற்குச் சரியா? கடைப் பெயர் நீளமானது.
– தி.நகர் வாசகர்

பதில்: முதலில் விதியைப் பார்த்துவிடுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948இன்படி பெயர்ப் பலகையில் தமிழ் இருக்க வேண்டும். தமிழே முதன்மையாக நிற்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற அளவை அரசு வலியுறுத்துகிறது. இதைச் சுமையாக எண்ணாமல் வடிவமைப்பின் தொடக்கமாகவே எடுத்துக்கொள்ளலாம். தமிழை முதலில் வரைந்து, அதன் கனத்துக்கு ஏற்ப ஆங்கிலத்தைப் பொருத்தினால் பலகை தானாகவே ஒழுங்குக்கு வரும். பல கடைகளில் ஆங்கில முத்திரையை வடிவமைத்து முடித்த பிறகு மிஞ்சிய இடத்தில் தமிழைத் திணிக்கிறார்கள், அங்கேதான் கெடுகிறது. ஆங்கிலத்தை முழுவதும் பெரிய எழுத்துகளில் போடாமல் முதலெழுத்தை மட்டும் பெரிதாக்கி மீதியைச் சிறிய எழுத்தில் அமைத்தால் அது தமிழின் மேல் ஏறி உட்காராது. ஒரே எழுத்துருக் குடும்பத்தில் இரு மொழியும் இருப்பது இங்கே பெரிய உதவி. பாலு தம்பியிலும் காய்னியிலும் தமிழும் ஆங்கிலமும் சேர்த்தே வரையப்பட்டுள்ளன.

அக்ரிலிக் எழுத்துக்கு உருண்டை வடிவம் தொழில்முறையிலும் ஏற்றது. பலகையைக் குடைந்து வெட்டும் ரௌட்டர் கருவியின் முனை உருளையானது. உள்மூலையை அதனால் கூர்மையாக வெட்ட முடியாது. கூர்முனை எழுத்தைக் கொடுத்தால் வரைந்தது ஒன்று, வந்தது ஒன்று என்றாகும். உருண்டை எழுத்தில் அந்த வேறுபாடு தெரியாது. எல்.இ.டி. வரிசையை உள்ளே பதிக்கவும் கோட்டுக்கு அகலம் வேண்டும்.

ஆனால் இரவில் பாருங்கள். ஒளிரும் எழுத்து இருட்டில் தன் உண்மையான பருமனைவிடத் தடித்துத் தெரியும். வெளிச்சம் சுழிகளுக்குள் கசிந்து அவற்றை மூடிவிடும். பகலில் அருமையாக இருந்த ‘பட்டுப் புடவைகள்’, இரவில் ‘ட்டு’ எங்கே முடிகிறது, ‘ப்’ எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஒரே ஒளிப்பட்டையாக நிற்கும். ஒரு படி குறைந்த கனத்தைத் தேர்ந்தெடுத்து, எழுத்துகளுக்கு இடையே வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் இடைவெளி விடுங்கள். வெளிச்சத்தின் அளவைக் குறைக்கும் வசதியையும் கேட்டு வாங்குங்கள்.

உயரத்துக்கு, பத்தடி தொலைவுக்கு ஓர் அங்குலம் என்பது ஆங்கிலப் பலகைகளுக்குச் சொல்லப்படும் பொதுக் கணக்கு. மேலே விலங்கும் (‘கி’யின் மேல் வளைவு) புள்ளியும், கீழே உகரக் குறியும் வரும் தமிழுக்கு அதில் பாதியையாவது கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் கடை உஸ்மான் சாலையில் இருந்தால் மேம்பாலத்தில் போகிறவர்களும் பார்ப்பார்கள். ரங்கநாதன் தெருவில் இருந்தால் கூட்டத்தில் நின்று அண்ணாந்து, பக்கவாட்டில்தான் பார்ப்பார்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது எழுத்து ஒடுங்கித் தெரியுமாதலால் அங்கே இடைவெளி இன்னும் தேவை.

நீளமான பெயர் என்பதால் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கிக் குறுக்காதீர்கள். அப்படிச் செய்தால் நிற்கும் கோடுகள் மெலிந்து, படுக்கும் கோடுகள் மட்டும் தடித்து நிற்கும். உருண்டை முனைகள் முட்டை வடிவாகும். பெயரை இரண்டு வரியாக்குங்கள். சொல்லின் நடுவில் முறிக்காமல், ‘பட்டு மாளிகை’ என்றால் ‘பட்டு’ மேலும் ‘மாளிகை’ கீழுமாகப் பிரியுங்கள். அதற்கும் இடம் இல்லையென்றால் உருண்டை எழுத்தை விட்டுவிட்டு, குறுகிய அகலத்திலேயே வரையப்பட்ட கனங்கள் உள்ள அனேக் தமிழைப் பாருங்கள்.

கேள்வி: திருவல்லிக்கேணியில் டிடிபி வேலை செய்கிறேன். யூனிகோடு உருண்டை எழுத்துருவை ஃபோட்டோஷாப்பில் போட்டால் ‘கொ’, ‘கெ’ எல்லாம் கொம்பு இடம் மாறி உடைகிறது. எழுத்துருவில் குறையா?
– திருவல்லிக்கேணி வாசகர்

பதில்: எழுத்துருவில் குறை இல்லை, தம்பி. யூனிகோடில் ககரம் முதலிலும் கொம்பு பிறகுமாகப் பதிவாகும். கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பு என்றால், விருப்ப அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குச் சென்று, இந்திய மொழிகளையும் கையாளும் ‘வேர்ல்ட் ரெடி’ அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, புதிய எழுத்துப் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். இன்டிசைனில் பத்தி அமைப்பில் அதே பெயரில், எழுத்துகளை வரியில் அடுக்கும் கம்போசர் இருக்கிறது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதில் இந்த எழுத்துருக்கள் வேலை செய்யா. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்ட பிறகும் பழைய குறியீட்டு எழுத்துருக்களிலேயே நிற்பது உங்களுக்குத்தான் இழப்பு.

இன்னொன்று. ‘கௌ’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் கெகரமும் ளகரமுமாக ‘கெள’ என்று அடிப்பவர்கள் பலர். மெலிந்த எழுத்தில் கண்ணை ஏமாற்றிவிடும் அந்தப் பிழை, தடித்த தலைப்பில் இடைவெளி மாறிப் பளிச்சென்று தெரியும். மெய்ப்பு பார்க்கும்போது கவனியுங்கள்.

கேள்வி: அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. சுவரில் ஒட்டும் எழுத்து அட்டைகளை உருண்டை எழுத்துருவில் செய்யலாமா? குழந்தைகளுக்குப் பிடிக்கிறது.
– தாம்பரம் வாசகி

பதில்: ‘நம் வகுப்பு’, ‘கதை நேரம்’ போன்ற தலைப்புகளுக்குச் செய்யுங்கள். எழுத்தை அறிமுகப்படுத்தும் அட்டைக்கு வேண்டாம், டீச்சர். குழந்தை அந்த அட்டையைப் பார்த்துக் கோடு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுழிகிறது என்று விரலால் தொடர வேண்டும். மிகத் தடித்த எழுத்தில் கோட்டின் போக்கு தெரியாது; கறுப்பு உருவம் ஒன்றுதான் தெரியும்.

குறிப்பாக ரகரத்தைப் பாருங்கள். துணைக்காலையும் ரகரத்தையும் பிரிப்பது அடியில் சாய்ந்து இறங்கும் சிறு கோடு மட்டுமே. சில எழுத்துருக்கள் ர், ரி, ரீ ஆகியவற்றில் அந்தச் சாய்கோட்டை விட்டுவிடும். அச்சில் அது பழைய மரபுதான். ஆனால் ‘ர’ என்று ஒரு வடிவத்தைக் கற்ற குழந்தை, ‘ரி’யில் துணைக்காலின் மேல் விலங்கு போட்டதைக் கண்டால் திகைக்கும். எந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தாலும் ‘ரா, ரி, ரீ, ர்’ நான்கையும் அடித்துப் பார்த்து, நான்கிலும் சாய்கோடு இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். எ, ஏ இரண்டையும் ஒ, ஓ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து பாருங்கள். சாதாரண அல்லது நடுத்தரக் கனம் போதும்.

கேள்வி: கவின் கலை மாணவன். நினைவேந்தல் கூட்டத்துக்கு ஒன்றும் ரத்த தான முகாமுக்கு ஒன்றுமாக இரண்டு சுவரொட்டிகள் செய்தேன். இரண்டிலும் தடித்த உருண்டை எழுத்தைப் பயன்படுத்தியதை எங்கள் ஆசிரியர் ஏற்கவில்லை. தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்றால் தடித்த எழுத்துதானே வழி?
– எழும்பூர் வாசகர்

பதில்: தூரத்திலிருந்து தெரிவதற்குக் கனத்தைவிட அளவும், எழுத்தைச் சுற்றியுள்ள வெற்றிடமும், பின்புல நிறத்தோடு உள்ள வேறுபாடும் கூடுதலாக உதவுகின்றன. மாம்பலத்திலோ கிண்டியிலோ ரயில் நிலையப் பலகையைப் பாருங்கள். மஞ்சள் பின்புலத்தில் கறுப்பு எழுத்து, சுற்றிலும் நிறைய இடம். ஓடும் ரயிலிலிருந்தும் வாசிக்க முடிகிறது.

நினைவேந்தல் சுவரொட்டியைப் பற்றி உங்கள் ஆசிரியர் சொன்னது முழுவதும் சரி. இவ்வெழுத்தின் குரல் குதூகலமானது. மறைந்தவரின் பெயரை அதில் எழுதினால் குடும்பத்தாரின் மனம் நோகும். தமிழில் ஆங்கிலத்தைப் போலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லாததால் அழுத்தம் தர வேண்டிய இடமெல்லாம் தடிப்பை நாடுவது நம் வழக்கமாகிவிட்டது. நிறம், அளவு, இடம் ஆகியவற்றாலும் அழுத்தம் தரலாம். அந்தச் சுவரொட்டியில் பெயரை மெலிந்த எழுத்தில் பெரிதாக, தனியாக நிறுத்திப் பாருங்கள்.

ரத்த தான முகாம் விஷயத்தில் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இளைஞர்களை அன்போடு அழைக்கும் ‘வாங்க, ரத்தம் கொடுக்கலாம்’ என்ற ஒரு வரியை உருண்டை எழுத்தில் வைக்கலாம். தயங்குகிறவர்களுக்கு அந்த இளக்கம் துணிவு தரும். வயது வரம்பு, உடல் எடை, முகாமுக்கு வருமுன் சாப்பிட வேண்டியது, மருத்துவமனையின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றை அதில் வைக்காதீர்கள். அவற்றை நடுத்தரக் கனமுள்ள வாசிப்பு எழுத்தில், எழுத்தின் அளவைப்போல் ஒன்றே கால் மடங்குக்குக் குறையாத வரி இடைவெளியோடு அமையுங்கள். மேல் வரியின் உகரக் குறி கீழ் வரியின் விலங்கில் இடிக்கக் கூடாது. திருத்திய இரண்டு சுவரொட்டிகளையும் உங்கள் ஆசிரியரிடம் காட்டுமுன், அசல் அளவில் ஓர் அச்சு எடுத்து வராந்தாவின் மறுகோடியில் ஒட்டி வாசித்துப் பாருங்கள்.